அக்கா வீட்டுச் சுவரோரத்துப் பதியன்கள்

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் சொந்தக்காரர்களுக்கும், தெருக்காரர்களுக்கும், அக்காவோடு பீங்கான் பட்டறையில் வேலை பார்த்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். அக்கா எங்களை விட்டுப் போய் இந்தச் சித்திரையோடு ஒரு வருஷம் நிறைகிறது. மலரில் போட அக்காவைப் பற்றி யார் எழுதுவது என்ற பேச்சு வந்தபோது மாமா என்னைக் காட்டிவிட்டார்.

“மாமா, நான் ஏழாங்கிளாஸோட நின்னவ. எழுத்துப்பிழை வரும்.”

“வரட்டும். உங்க அக்காவைப் பத்தி எழுத எம்.ஏ. படிச்சிட்டு வரணுமா? அவகூட முப்பது வருஷம் இருந்தவ நீதான். எழுது.”

நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். யார் பெயராவது விட்டுப்போகுமோ, யார் மனமாவது நோகுமோ என்று ஒரே கவலை. இது ஐந்தாவது தடவை. இதிலும் குறை இருந்தால் அது என்னுடையது, அக்காவுடையது அல்ல.

அக்கா பிறந்தது கருவேப்பிலங்குறிச்சியில். அப்பா கூலி வேலை பார்த்தவர். மழை பொய்த்த ஒரு வருஷம் குடும்பத்தோடு விருத்தாசலத்துக்கு வந்து, பீங்கான் பட்டறை ஒன்றில் மண் குழைக்கும் வேலையில் சேர்ந்தார். எனக்கு ஒன்பது வயதாகும்போது அம்மா போய்விட்டார். அப்போது அக்காவுக்குப் பதினேழு. அன்றைக்கே எனக்குத் தலை பின்னிவிட்டு ரிப்பன் கட்டியது அக்காதான். “ரிப்பன் வேண்டாம், எல்லாரும் பாப்பாங்க” என்று நான் அழுதேனாம். “பாக்கட்டும்டி பாப்பா, அம்மாவும் பாக்கட்டும்” என்றாராம். அக்கா கூப்பிட்ட அந்தப் ‘பாப்பா’ பெயரே எனக்குத் தெருவில் நிலைத்துவிட்டது. இன்றும் பலருக்கு என் சொந்தப் பெயர் தெரியாது.

ஏழாம் வகுப்பில் பரீட்சைக்கு முந்தின நாள் எல்லாம் எனக்குக் காய்ச்சல் வரும். அந்தச் சமயம் பார்த்து அப்பா காலில் அடிபட்டுப் படுத்துவிட்டார். அக்காவும் பட்டறைக்கு வேலைக்குப் போகவேண்டி வந்தது. “ஒரு வருஷம் வூட்ல இருந்து அப்பாவைப் பாத்துக்க. அப்புறம் ஸ்கூலுக்குப் போவலாம்” என்றார். அந்த ஒரு வருஷம் முடியவே இல்லை. அதற்காக அக்கா கடைசிவரை வருத்தப்பட்டார். வாரத்துக்கு ஒருமுறை பழைய பேப்பர் கடையிலிருந்து வாரப் பத்திரிகை ஏதாவது வாங்கிவந்து, சமைத்துக்கொண்டே என்னை உரக்கப் படிக்கச் சொல்வார். நான் நான்கு வரி எழுதுகிறேன் என்றால் அந்த அடுப்படிதான் காரணம்.

பட்டறையில் அக்காவுக்கு, அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சூளையில் சுடாத பச்சைக் கோப்பைகளின் ஓரத்தைச் சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைக்கும் வேலை. நகம் படக்கூடாது. பட்ட இடம் சூளையில் வெடித்துக் காட்டிவிடும். அதனால் அக்கா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நகம் வெட்டுவார், எனக்கும் சேர்த்து. அதே பட்டறையில் சூளை வேலை பார்த்த மாமாவைத்தான் கட்டிக்கொண்டார். மாமா எங்கள் அப்பாவிடம் பெண் கேட்க வந்தபோது, “கோப்பை வெடிக்காம தர்றது அந்தப் பொண்ணு ஒண்ணுதாங்க” என்றாராம். அவருக்குத் தெரிந்த புகழ்ச்சி அதுதான்.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. கோவில் குளம், ஆஸ்பத்திரி எல்லாம் பார்த்தார்கள். பிறகு அந்தப் பேச்சை அக்காவே நிறுத்திவிட்டார்.

எண்பத்தாறில் இப்போதிருக்கும் வீட்டைக் கட்டிக் குடிவந்தோம். அந்த வருஷம் ஸ்ரீமுஷ்ணம் திருவிழாவுக்கு மாமாவின் தங்கை வீட்டுக்குப் போயிருந்தோம். அவர்கள் கொல்லையில் குண்டுமல்லி பூத்துக் கிடந்தது. திரும்பும்போது மாமாவின் தங்கை ஒரு பதியனை வெட்டி, வேரோடு ஈரச் சாக்கில் சுற்றிக் கொடுத்தார். பதியன் என்றால், தாய்ச்செடியின் கிளை ஒன்றை வளைத்து, கணுவில் லேசாகக் கீறி, மண்ணுக்குள் புதைத்து வேர்விட வைப்பது. மூன்று மாதம் ஆகும். வேர் இறங்கிய பிறகுதான் தாயிடமிருந்து வெட்டவேண்டும். இதைச் சொல்வதற்குக் காரணம் பின்னால் வரும்.

பஸ்ஸில் அக்கா அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். கண்டக்டர் பார்த்துவிட்டு, “ஏம்மா, அந்த மூட்டைக்கு டிக்கெட் யாரு எடுப்பா?” என்றார்.

“மடியில இருக்கிற கைக்கொழந்தைக்கு டிக்கெட் கேக்குற மொத ஆளு நீதாம்பா” என்றார் அக்கா. பஸ் முழுக்கச் சிரித்தது. மாமா மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தச் செடியை முதலில் பட்டறையில் கழித்துப்போட்ட அழகான ஊறுகாய் ஜாடியில்தான் வைத்தோம். எங்கள் ஊரில் யாரும் செய்யும் தப்பு அது. மெருகு போட்ட ஜாடி ஒரு சொட்டுத் தண்ணீரை வெளியே விடாது. இலை மஞ்சளாகித் தொங்கியது. அக்கா ஜாடியைக் கவிழ்த்து மண்ணை மோந்து பார்த்தார். “மூச்சு முட்டிப்போச்சுடி பாப்பா இதுக்கு” என்று அன்றே கொல்லையில் தரையில் நட்டார். அதற்குப் பிறகு செடிகளுக்கு மாமா வேறு ஒன்று கொண்டுவந்து கொடுத்தார். சூளைக்குள் கோப்பைகளை வைத்து அடுக்கும் தடித்த சுடுமண் பெட்டிகள். பலமுறை தீயில் வெந்து கீறல் விட்டவற்றை வெளியே எறிந்துவிடுவார்கள். அந்தக் கீறலே தண்ணீர் வடியப் போதும். அக்காவின் கொல்லைச் சுவரோரம் அப்படி ஏழெட்டுச் சூளைப் பெட்டிகள் எப்போதும் வரிசையாக இருந்தது வந்து போனவர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

மல்லிகை கோடையில் பூக்கவேண்டுமென்றால் அதைக் கொஞ்சம் பட்டினி போடவேண்டும். கார்த்திகை கடைசியில் கவாத்து வெட்டி, தண்ணீரை நிறுத்தி, இலையெல்லாம் உதிரும்வரை காயவிட்டு, பிறகு எருவும் தண்ணீரும் விட்டால் பங்குனியில் மொட்டு கொத்துக்கொத்தாக வரும். அக்காவுக்கு அந்த மனத்திடம் உண்டு. எனக்கு இல்லை. அக்கா வேலைக்குப் போன பிறகு நான் மொட்டைச் செடியைப் பார்த்துப் பார்த்து, செத்துவிடுமோ என்று பயந்து, அரிசி கழுவிய தண்ணீரை ஊற்றிவிடுவேன். எண்பத்தெட்டு கார்த்திகையிலும் அப்படித்தான் செய்தேன். அடுத்த கோடையில் செடி முழுக்க இலையாகத்தான் வந்தது. பூ பாதிகூட இல்லை.

பூத்த வருஷங்களில் எங்கள் வீடு எப்படி இருக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அக்கா வேலை முடிந்து வந்து முகம் கழுவியதும் மொட்டுப் பறிப்பார். நானும் அவரும் வாழைநாரில் கட்டுவோம். சாமி படத்துக்கு ஒரு துண்டு. பிறகு தெருவில் எட்டு வீடு. மறுநாள் காலை பட்டறைப் பெண்களுக்கு ஒரு வாழையிலைப் பொட்டலம். முழம் போட்டு அளக்கமாட்டார். “கண்ணால அளந்தா போதும். கையால அளந்தா கடைக்காரி ஆயிடுவேன்” என்பார். மே மாதத்தில் ஒரே ஒரு வாரம் சிவப்புப் பந்தாகப் பூக்குமே, அந்தக் கிழங்குச் செடியும் நித்தியமல்லியும்கூட இருந்தன. கிழங்கு குட்டி போட்டதும் பிரித்துக் காகிதத்தில் சுற்றி, கல்யாண வீட்டுக்குப் போனால்கூட எடுத்துக்கொண்டு போவார். மொய்யோடு சேர்த்துக் கிழங்கையும் வாங்கியவர்கள் இந்த மலரைப் படிப்பவர்களிலேயே இருப்பீர்கள்.

இனி நான் எழுதப்போவதுதான், நான்கு தடவை கிழித்ததற்குக் காரணம்.

எண்பத்தொன்பதில் பூ குறைந்த அந்தக் கோடையில் எனக்கு இருபத்தொரு வயது. இரண்டு இடத்திலிருந்து பெண் பார்த்துவிட்டுப் போய்ப் பதில் சொல்லவில்லை. ஒருநாள் பெண்ணாடம் போகும் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு அம்மா பேச்சுவாக்கில், “கல்யாணமாகாத பொண்ணு இருக்கிற வூட்லேருந்து பூச்செடி வெளிய போவக்கூடாதும்மா. அவ பூவும் கூடவே போயிடும்” என்றார். அவர் யாரென்றுகூட எனக்குத் தெரியாது. ஆனால் வீடு வந்து சேரும்வரை அந்த வார்த்தையையே திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பூ குறைந்ததும் அக்கா அள்ளி அள்ளிக் கொடுத்ததால்தான், என் வரன் தட்டிப்போனதும் அதனால்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். அரிசித் தண்ணீர் ஞாபகத்துக்கே வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்து வீட்டுக் கலைச்செல்வி, அக்காவிடம் ஒரு பதியன் கேட்டாள். எனக்குச் சம வயது. கல்யாணமாகி வந்து இரண்டு வருஷம். மாமியார் வாய் கொஞ்சம் நீளம். அக்கா ஆடியிலேயே அவளுக்கென்று ஒரு கிளையைச் சூளைப் பெட்டியில் புதைத்துவிட்டு, “ஐப்பசியில வெட்டி அவகிட்ட குடுத்துடு” என்று என்னிடம் சொல்லியிருந்தார். ஐப்பசியில் கலைச்செல்வி வந்தபோது அக்கா பட்டறையில் இருந்தார். நான் அந்த வேர்விட்ட பதியனைத் தொடவில்லை. பத்து நாளுக்கு முன்னால் புதைத்த வேறொரு கிளையை வெட்டி, வெட்டுவாய் தெரியாமல் மண்ணை உருட்டிச் சாணம் பூசி அவள் கையில் கொடுத்தேன். அதில் ஒரு முடி வேர்கூடக் கிடையாது. கொடுத்ததுபோலவும் இருக்கும், செடி வெளியே போகாததுபோலவும் இருக்கும் என்று என் கணக்கு.

கலைச்செல்வி அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனாள்.

இரண்டு வாரத்தில் அது காய்ந்து குச்சியானது. அவள் மறுபடி வந்தாள். மறுபடியும் அப்படியே ஒன்று கொடுத்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் இரண்டு தடவை. அதுவும் காய்ந்தது. அன்று சாயந்திரம் அவள் மாமியார் தண்ணீர்க் குழாயடியில் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார்: “கல்லுலகூட வர்ற செடி. இவ தொட்டா வரமாட்டேங்குது. செடியே வரலன்னா அப்புறம் வேற என்னா வரும்?”

நான் குடத்தோடு அங்கேயே நின்றிருந்தேன். கலைச்செல்வி குனிந்து தன் குடத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அது ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது.

விஷயம் அக்காவுக்குப் போனது. பட்டறையிலிருந்து வந்ததும் முகம்கூடக் கழுவாமல் அவர்கள் வீட்டுக்குப் போனார். நான் எங்கள் கொல்லைச் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். அக்கா உட்கார்ந்து அந்தக் காய்ந்த குச்சியைப் பிடுங்கினார். எட்டிப் பார்த்தபோது குச்சியின் அடியைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டிருந்தார். பிறகு அதை முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்தார்.

“பெரியம்மா, எனக்கும்தான் புள்ளை இல்ல. என் கையில செடி வரலியா?” என்றார்.

“நான் உன்னை எதுவும் சொல்லலியேம்மா” என்று மாமியார் இழுத்தார்.

“என்னைச் சொல்லல. அதனாலதான் கேக்குறேன்” என்ற அக்கா, அடுத்த நிமிஷமே குரலை மாற்றிக்கொண்டார். “தப்பு என் மேலதான். இது ஸ்ரீமுஷ்ணத்து மல்லி. கேட்டு வாங்கி வெச்சா வராது. திருடித்தான் வெக்கணும். கலைச்செல்விகிட்ட சொல்ல மறந்துட்டேன்.”

“திருடியா?”

“ஆமாம். நானே திருடிட்டுதான் வந்தேன்.”

வீட்டுக்கு வந்து மாமாவிடமும் இதையே சொல்லிவைத்தார். மாமா பதறிவிட்டார். “அடிப்பாவி, என் தங்கச்சி தானேடி வெட்டிக் குடுத்தா! அவளைப் பறிகொடுத்தவளா ஆக்கிட்டியே!”

“உங்க தங்கச்சிக்கு நான் லெட்டர் போட்டுக்கறேன். நீங்க வாயை மூடிக்கிட்டு இருந்தா போதும்.”

அக்கா என்னிடம் ஒன்றுமே கேட்கவில்லை. நான் கொடுத்த குச்சியைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. ஆடியில் புதைத்த அந்த நல்ல பதியனைத் தாமே வெட்டி, சூளைப் பெட்டியோடு கொல்லைச் சுவர்மேல் எடுத்து வைத்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு நாங்கள் படுத்திருப்போம் என்று கலைச்செல்விக்குச் சொல்லி அனுப்பினார். அந்த மூன்று மணிக்கு அக்காவும் நானும் அடுக்களையில், கொல்லைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சுவருக்கு வெளியே வளையல் சத்தம். பிறகு பெட்டி கல்லில் ‘டங்’கென்று மோதியது. “அய்யோ” என்று ஒரு மெல்லிய குரல்.

கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்த மாமா எழுந்துவிட்டார். “யாரது கொல்லையில?”

“பூனைங்க” என்றார் அக்கா.

மாமா ஜன்னல் வழியாகப் பார்த்தார். “பூனை பச்சைப் புடவை கட்டிக்கிட்டுப் போவுது.”

“பூனைக்குப் புடவை இருந்தா கட்டிக்கும். நீங்க படுங்க.”

சுவருக்கு அந்தப் பக்கம் கலைச்செல்வி சிரிப்பை அடக்க முடியாமல் ஓடியது எங்களுக்குக் கேட்டது. அவள் அந்தத் தெருவில் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அந்தச் செடி பிடித்துக்கொண்டது. பங்குனியில் ஆறேழு மொட்டு. அவள் மாமியாரே அதை ஒரு கிண்ணத்தில் போட்டு வீடு வீடாகக் காட்டி, “எங்க மருமவ கைராசி” என்று சொல்லிக்கொண்டு வந்தார். எங்கள் வீட்டுக்கும் வந்தார். அக்கா ஒரு மொட்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, “நல்ல வாசனை பெரியம்மா, எங்க வூட்டுதைவிட” என்றார். கலைச்செல்விக்குப் பிறகு இரண்டு பிள்ளைகள். அதற்கும் செடிக்கும் சம்பந்தமே இல்லை என்று அக்கா சொல்வார். மாமியார் ஒத்துக்கொள்ளமாட்டார்.

அதற்கப்புறம் தெருவே திருட ஆரம்பித்தது. அக்கா ஆடியில் பதியன் போட்டு, ஐப்பசியில் சுவர்மேல் வரிசையாக வைப்பார். ஞாயிறு மூன்று மணிக்கு நாங்கள் அடுக்களைக்குப் போய்விடுவோம். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து வந்து திருடினார்கள். பெண்ணாடத்துக் கரும்பு டிராக்டரை நிறுத்திவிட்டு ஒருவர் திருடினார், பெட்டியைத் திருப்பிக் கொடுக்க மறுவாரம் வந்து வாசல் வழியாகவே நுழைந்து மாட்டிக்கொண்டார். தெருக்கோடி வாத்தியார் மட்டும் நேர்மையானவர். “கேட்டு வாங்கிக்கிறேம்மா, திருட்டு எனக்கு வராது” என்று மூன்று வருஷம் வெறுங்கையோடு போனார். அக்காவும் அசையவில்லை. “கேட்டா தரமாட்டேன் சார்.” கடைசியில் அவர் வீட்டம்மா திருடினார். சார் தெருமுனையில் நின்று காவல் காத்தார்.

தொண்ணூற்றொன்றில் எனக்குப் பெண்ணாடத்தில் கல்யாணம் ஆனது. அத்தனை பதியன் வெளியே போன பிறகும் ஆனது. தாலி ஏறிய அன்று எனக்கு முதலில் வந்தது அழுகை. எல்லாரும் பிறந்த வீட்டைப் பிரிகிற அழுகை என்று நினைத்தார்கள். என் கொண்டையில் இருந்தது அக்கா கட்டிய பூவோடு கலைச்செல்வி செடியிலிருந்து அவள் கொண்டுவந்து வைத்த பூ. அதன் பாரம் எனக்கு மட்டும் தெரியும்.

அக்காவுக்கு அன்று எல்லாம் தெரிந்திருக்குமோ, தெரியாதோ என்று எட்டு வருஷம் மனதுக்குள் புழுங்கினேன். பண்டிகைக்கு வரும்போதெல்லாம் சொல்ல வாயெடுப்பேன். அக்கா, “என்னாடி பாப்பா, முகம் வாடியிருக்குது? சாப்பிட்டியா?” என்பார். அதோடு போய்விடும்.

தொண்ணூற்றேழு கடைசியில் அக்காவுக்கு வயிற்றில் கட்டி என்று தெரிந்தது. நானும் என் வீட்டுக்காரரும் பெண்ணாடத்திலிருந்து வந்து இந்த வீட்டிலேயே தங்கிவிட்டோம். புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வலியை முகத்தில் காட்டமாட்டார். நர்ஸம்மாக்களிடம், “உங்க வூட்ல இடம் இருக்குதா? மல்லி வெக்கிறீங்களா?” என்று விசாரிப்பார். என்னிடம், “கவாத்து வெட்டினியா? தண்ணி ஊத்தாதே. அரிசித் தண்ணியும் ஊத்தாதே” என்றார். அதுவும் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஒரு மத்தியானம் மாமா டீ வாங்கப் போயிருந்தார். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டேன்.

“அக்கா, கலைச்செல்விக்கு நான் குடுத்தது…”

“குச்சி” என்றார் அக்கா.

“தெரியுமா?”

“கோப்பை ஓரத்துல முடி மாதிரி கீறல் இருந்தாலே என் விரலுக்குத் தெரியும். வேர் இல்லாதது தெரியாதா? அன்னிக்கே அடுப்புல போட்டுட்டேன்.”

“ஏங்க்கா என்னைக் கேக்கல?”

“கேட்டிருந்தா நீ காய்ச்சல்ல படுத்திருப்பே. அப்புறம் உன்னையும் நான்தானே பாக்கணும்?” என்று சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்தது. நிதானப்பட்ட பிறகு, “ஆனா அவகிட்ட சொல்லிடு பாப்பா. நான் அவளைத் திருட வெச்சேன். அது அன்னிக்கு வாயை அடைக்கத்தான் ஆச்சு. மிச்சத்தை நீதான் சொல்லணும்” என்றார்.

மிச்சம் என்று அவர் சொன்னது எனக்கு அப்போது புரியவில்லை. “சொல்றேங்க்கா” என்றேன்.

கடைசி மாதம் வீட்டுக்கு வந்துவிட்டார். கட்டிலைக் கொல்லை வாசற்படிக்கு அருகில் போட்டோம். நான் அந்த வருஷம் தண்ணீர் ஊற்றவில்லை. செடி எலும்பும் தோலுமாக நிற்க, அக்காவும் அப்படியே இருக்க, இரண்டையும் பார்த்துக்கொண்டு ஊற்றாமல் இருந்தது நான் வாழ்க்கையில் செய்த பெரிய காரியம். பங்குனியில் செடி வெள்ளையாகப் பூத்தது. சித்திரையில் ஒரு காலை, நான் தலையணையோரம் வைத்த பூவை மோந்து, “கட்டு தளர்வா இருக்குதுடி” என்றார். அதுதான் கடைசிப் பேச்சு. பத்து மணிக்குப் போய்விட்டார். அன்று தெருவில் யாரும் கடையில் பூ வாங்கவில்லை. வீட்டுக்கு வீடு, அக்காவின் பதியனில் வளர்ந்த செடியிலிருந்தே பூ வந்தது.

அக்காவிடம் கொடுத்த வாக்கை நான் பத்து மாதம் தள்ளிப்போட்டேன். இந்த மாசியில் மலர் வேலை தொடங்கியபோதுதான், இதை எழுதாமல் அக்காவைப் பற்றி எழுத முடியாது என்று தெரிந்தது. எழுதுவதற்கு முன் அவளிடம் சொல்லவேண்டும். கலைச்செல்வி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முழுவதையும் சொன்னேன். பஸ்ஸில் வந்த அம்மா, வேரில்லாத குச்சி, இரண்டு தடவை, குழாயடி. அவள் முறத்தைக் கீழே வைத்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

அவள் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“திருடினதாலதான் வந்துச்சுன்னு நெனச்சிட்டிருந்தேன் பாப்பா. என் கைக்கு வராது, திருட்டுக்குத்தான் வருதுன்னு. இத்தினி வருஷமா ஒரு வெண்டைக்கா வெதை போடணும்னாகூட எம் புள்ளைங்களைக் கூப்பிட்டுப் போடச் சொல்லுவேன். நான் தொடமாட்டேன்.”

அக்கா சொன்ன மிச்சம் என்னவென்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டேன்.

“எழுந்திரு. அழுது என்னா ஆவப்போவுது? பதியன் இருக்குதா?”

“சுவர்மேல இருக்குது. ஞாயித்துக்கிழமை…”

“ஞாயித்துக்கிழமை எல்லாம் வரமாட்டேன். இப்ப கேட்டு வாங்குறேன். குடு.”

அக்கா இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தேன். கொல்லைக்குப் போய், ஆடியில் புதைத்து நன்றாக வேர் இறங்கியிருந்ததில் பெரியதாகப் பார்த்து எடுத்துவந்தேன். மண்ணை உதறி வேரை அவள் கண்ணுக்கு நேரே காட்டினேன். அவள் தொட்டுப் பார்த்தாள். ஒரு கையால் வாங்கிக்கொண்டாள். தானே குழி தோண்டி, தானே நட்டு, தானே தண்ணீர் விட்டாள்.

இதை மலரில் எழுதலாமா என்று கேட்டேன். “எழுது. ஆனா எங்க அத்தை எழுத்துக் கூட்டிப் படிப்பாங்க. அவங்களை நல்லவங்கன்னு ஒரு வார்த்தை போட்டுடு” என்றாள். அவர் நல்லவர்தான். அக்கா ஆஸ்பத்திரியில் இருந்த நாள் முழுக்க மாமாவுக்குச் சோறு பொங்கிப் போட்டவர் அவர்.

நன்றி சொல்லவேண்டியவர்கள் நிறைய. புதுச்சேரியில் அக்காவைத் தங்கள் தாயைப்போல் பார்த்த டாக்டர்களுக்கும் நர்ஸம்மாக்களுக்கும், ரத்தம் கொடுத்த பட்டறைத் தோழர்களுக்கும், அக்காவின் வேலையையும் தங்கள் வேலையோடு சேர்த்துச் செய்த பெண்களுக்கும், ராத்திரி பகல் பாராமல் வண்டி எடுத்த ஆட்டோக்காரத் தம்பிக்கும், பறிகொடுத்தவராகப் பெயர் வாங்கியும் கோபப்படாத ஸ்ரீமுஷ்ணத்தில் இருக்கும் மாமாவின் தங்கைக்கும், காரியத்தன்று ஓடியாடி உழைத்த வாத்தியார் வீட்டாருக்கும், வீட்டை என்மேல் போட்டுவிட்டு என்னையும் சேர்த்துச் சுமந்த மாமாவுக்கும் எங்கள் கைகூப்பு. பெயர் விட்டுப்போனவர்கள் என்னை நேரில் திட்டலாம்.

திதியன்று வருகிறவர்கள் கொல்லைப் பக்கமும் வந்து போங்கள். சுவர்மேல் ஆறு பதியன் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் வேர் இருக்கிறது, இரண்டு தடவை பார்த்துவிட்டேன். திருட ஆசைப்படுகிறவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு மூன்று மணிக்குத் திருடலாம். நானும் மாமாவும் அடுக்களையில் இருப்போம். கேட்டு வாங்க நினைப்பவர்கள் என்னைக் கேளுங்கள். வாத்தியார் சாருக்கென்று ஒன்று தனியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

கலைச்செல்வி நட்ட செடியில், இதை அச்சுக்குக் கொடுக்கும் இன்று மூன்று மொட்டு இருக்கிறது. திதியன்று அக்கா படத்துக்கு அந்த மூன்றைத்தான் வைப்பதாக இருக்கிறோம். அதற்குள் விரிந்து உதிர்ந்துவிடுமோ என்று எனக்குக் கவலை. காலையில் அவளிடம் கேட்டேன்.

“உதிர்ந்தா இன்னொண்ணு வரும், போ” என்றாள், கையில் மண்ணோடு.